மண்சுவரில் வாழும் நீலப்பட்டைத் தேனீ

தேனீ என்றவுடன் நம் நினைவுக்கு வருவன தேனடையும், இராணியும், ஓயாது உழைக்கும் வேலைக்காரத் தேனீக்களும் தாம். கீழ்வகுப்புகளில் ஒற்றுமையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோதெல்லாம் நாம் தேனீயையே எடுத்துக்காட்டி வந்திருக்கிறோம். ஆனால் உலகில் விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கும் தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். அவற்றுள் நம் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ போல மெழுகடை கட்டித் தேன் சேர்ப்பவை பத்துப் பன்னிரண்டு இனங்களே. மற்றவற்றில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றுக்கு இராணி இல்லை, வேலைக்காரர் இல்லை, கூட்டுக்குடும்பமும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே வீடு தோண்டி, தானே உணவு தேடி, தன் பிள்ளைகளுக்கு வேண்டியதைச் சேர்த்து வைத்துவிட்டு மறைந்துபோகிறது. இதை எங்கள் உயிரியல் ஆசிரியை வகுப்பில் கூறியபோது நாங்கள் முதலில் நம்பவில்லை.

அவ்வாறு தனித்து வாழும் தேனீக்களில், நம் மதுரையிலேயே, நம் பள்ளித் தோட்டத்திலேயே காணப்படும் ஒன்றைப் பற்றி இங்கு எழுதுகிறோம். நூல்களில் அதன் பெயர் நீலப்பட்டைத் தேனீ. ஊரில் அதற்கெனத் தனிப்பெயர் எதையும் நாங்கள் கேட்டதில்லை. பெரியவர்கள் 'வண்டு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். (வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று நம் முன்னோர் இத்தனை சொற்களை வைத்திருந்தும் நாம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்!) விஞ்ஞானப் பெயர் அமெஜில்லா ஜொனாட்டா. 'ஜொனாட்டா' என்றால் பட்டைகளை உடையது என்று பொருள். இதற்கு முதலில் பெயரிட்டவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். ஆண்டு 1758. பின்னர் பிங்காம் என்பவர் இந்தியக் குளவிகளையும் தேனீக்களையும் பற்றி 1897-இல் வெளியிட்ட பெரிய நூலிலும் இது இடம்பெற்றது. இதனை மிகவும் ஒத்த உறவினங்கள் சிலவும் நம் நாட்டில் உண்டு. அவற்றை நிபுணர்களே பிரித்தறிவர். வாழும் முறை எல்லாவற்றிற்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

உருவத்தில் இது அடுக்குத்தேனீயைவிடச் சற்றுப் பெரியது. ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம் இருக்கும். முதுகு முழுவதும் தவிட்டு நிற மயிர். வயிற்றுப் பகுதி கறுப்பு. அக்கறுப்பின் மேல் குறுக்காக ஒளிவிடும் நீலப் பட்டைகள் அமைந்துள்ளன. வெயில் படும் பக்கத்தை மாற்றினால் நீலம் பச்சையாகவும் தோன்றும். மயிற்கழுத்துப் பட்டுச்சேலையின் நிறம் என்றால் நம் அன்னையர் உடனே புரிந்துகொள்வார்கள். பெண்ணுக்கு நான்கு பட்டைகள், ஆணுக்கு ஐந்து. ஆனால் எண்ணிப் பார்ப்பது அவ்வளவு எளிதன்று. ஒரு பூவின் முன் அந்தரத்தில் நின்று, நீண்ட நாவை நீட்டியபடியே பறந்து, ஒரு நொடிகூடத் தங்காமல் அடுத்த பூவுக்குத் தாவிவிடும். காலை ஏழு மணிக்கு மேல் துளசிச் செடியின் அருகே அசையாமல் நின்றால் முதலில் 'ஙொய்' என்ற கூர்மையான ஒலி கேட்கும். பிறகுதான் ஆள் தெரியும். தும்பைப் பூவும் அதற்குப் பிடித்தமானது.

இனி அதன் வீட்டைப் பார்ப்போம். பெண் தேனீ மண்ணில்தான் கூடு அமைக்கிறது. மெத்தென்ற வெறுந்தரை, ஓடைக்கரையின் சரிவு, மண்சுவர், பழைய சுவர்களில் செங்கற்களுக்கு இடையே உதிரும் சுண்ணாம்புக் காரை ஆகியவை ஏற்ற இடங்கள். தாடையாலும் கால்களாலும் சுரண்டி ஒரு சுரங்கம் தோண்டுகிறது. சுரங்கத்தின் முடிவில் பானை போன்ற சிறு அறைகளை அமைத்து, தன் உடலிலிருந்து சுரக்கும் ஒருவகைப் பூச்சினால் அறையின் உட்புறத்தை மெழுகுகிறது. இப்பூச்சு ஈரத்தை உள்ளே விடாது. நம் பாட்டிமார் குதிருக்குள் சாணமிட்டு மெழுகியதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். பின்பு மகரந்தத்தையும் பூந்தேனையும் கலந்து கூழாக்கி அறையில் வைத்து, அதன் மேல் ஒரே ஒரு முட்டையிட்டு, வாசலை மண்ணால் அடைத்துவிடுகிறது. அடுத்து வேறோர் அறை. இப்படியே சில வாரங்கள்; அத்துடன் அதன் வாழ்நாள் முடிந்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு அக்கூழைத் தின்று வளர்ந்து, இருட்டறையிலேயே உருமாறி, சிறகு முளைத்தபின் மண்ணைக் குடைந்துகொண்டு வெளியே வருகிறது. தாயின் முகத்தை மகள் பார்ப்பதே இல்லை. எப்படித் தோண்டுவது, எந்தப் பூவுக்குப் போவது என்பதை அதற்கு யாரும் கற்றுத் தருவதில்லை. பத்து வருடங்கள் பள்ளிக்கு வந்தும் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் எங்களுக்கு இது பெரும் வியப்பாக உள்ளது.

இதைக் குளவியோடு குழப்பிக்கொள்ளலாகாது. கதவு நிலையிலும் புத்தக அலமாரியிலும் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டுவது குளவி. அது கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்வார்கள். உண்மையில் அந்தப் புழுவும் சிலந்தியும் குளவிக் குஞ்சுகளின் உணவு. குளவி தன் பிள்ளைக்கு இறைச்சி கொடுக்கிறது. தேனீ மகரந்தம் கொடுக்கிறது. இருவருக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே.

இத்தனை பாடுபட்டுக் கட்டிய வீட்டிலும் திருடன் உண்டு. குயில் தேனீ என்று ஓர் இனம் இருக்கிறது. கறுப்பு உடலில் நீலப் புள்ளிகள் தெளித்தாற்போல மிக அழகாக இருக்கும். அழகுக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை போலும்! நீலப்பட்டைத் தேனீ வெளியே சென்ற சமயம் பார்த்து உள்ளே நுழைந்து, அதன் அறையில் தன் முட்டையை இட்டுவிடும். குயிற்குஞ்சுக்காவது காகம் தன் கையால் ஊட்டுகிறது. இங்கே அந்தத் தாய் சேர்த்த கூழ் முழுவதும் வேறொருத்தியின் பிள்ளைக்குப் போய்விடும். சொந்தப் பிள்ளை பிழைக்காது. குயில் தேனீயின் காலில் மகரந்தம் சுமக்கும் மயிர்க்கற்றை இல்லை. அதற்கு அது தேவைப்படுவதே இல்லை.

ஆண் தேனீக்களுக்கு வீடு கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் ஏதாவது ஒரு காய்ந்த குச்சியையோ கொடியையோ தேடி வந்து, அதைத் தாடையால் கவ்விக்கொண்டு அப்படியே தூங்கிவிடும். பல ஆண்கள் ஒரே குச்சியில் வரிசையாகத் தொங்குவதும் உண்டு. விடுதி மாணவியர் மாலைச் செபம் முடிந்து வரும்போது துளசிப் பாத்திக்குப் பக்கத்தில் ஐந்து தேனீக்கள் இவ்வாறு உறங்குவதைக் கண்டு, மறுநாள் வந்து சொன்னார்கள். வீட்டிலிருந்து வரும் எங்களுக்கு அக்காட்சி கிடைக்கவில்லை என்பதில் கொஞ்சம் பொறாமைதான். ஆண் தேனீக்கு கொடுக்கு இல்லை. பெண்ணுக்கு உண்டு, ஆயினும் கையில் பிடித்து நசுக்கினாலொழிய அது கொட்டுவதில்லை. காக்க வேண்டிய தேனடை எதுவும் இல்லாததால் சண்டைக்கு வரவேண்டிய அவசியமும் அதற்கில்லை.

தேன் தராத, நம் சிற்றாலயத்து மெழுகுதிரிக்கு மெழுகும் தராத இத்தேனீயால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அதற்கு விடை கத்தரிக்காயில் இருக்கிறது. கத்தரிப் பூவை எல்லோரும் பார்த்திருப்போம். ஊதா இதழ்களின் நடுவே மஞ்சள் நிற மகரந்தப் பைகள் கூம்பு போலச் சேர்ந்து நிற்கும். செம்பருத்தியில் மகரந்தம் வெளியே தூளாகத் தெரிகிறது. கத்தரியில் அவ்வாறில்லை. மகரந்தம் பைக்குள்ளேயே அடைபட்டிருக்கும். நுனியில் மட்டும் ஊசிமுனை அளவு துளை. உப்புக் குப்பியைக் குலுக்கினால்தான் உப்பு விழுவதுபோல, இந்தப் பையையும் குலுக்கினால்தான் மகரந்தம் வெளிவரும். நீலப்பட்டைத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, சிறகுகளை அடிக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் வேகமாக அதிரச் செய்கிறது. அந்த அதிர்வில் மகரந்தம் பீறிட்டு அதன் வயிற்றில் படிகிறது. அடுத்த பூவுக்குப் போகும்போது அதில் கொஞ்சம் அங்கே ஒட்டிக்கொள்கிறது. தேனடை கட்டும் தேனீக்களுக்கு இவ்வித்தை தெரியாது. தக்காளி, சுண்டைக்காய், தூதுவளை, கண்டங்கத்தரி எல்லாம் இதே குடும்பம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாம் தேடும் ஆவாரம்பூவும் இப்படிக் குலுக்கினால்தான் மகரந்தம் தரும். காற்று அசைத்தாலும் கத்தரியும் தக்காளியும் ஓரளவு காய்க்கும் என்பது உண்மை. ஆனால் தேனீ வந்துபோன பூக்களில் காய் பிடிப்பது கூடுதல். காயும் திரட்சியாக இருக்கும்.

இதை நாங்கள் சோதித்தும் பார்த்தோம். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒலி பற்றிய பாடத்திற்குப் பயன்படும் இசைக்கவைகள் இருக்கின்றன அல்லவா? அன்று காலையில் மலர்ந்த கத்தரிப் பூவுக்குக் கீழே ஒரு கறுப்புத் தாளைப் பிடித்துக்கொண்டோம். விரலால் பூவை மெல்லத் தொட்டபோது ஒன்றும் விழவில்லை. பின்பு 512 என்று பொறித்த இசைக்கவையை ரப்பர் அட்டையில் தட்டி, அதன் காம்பைப் பூவின் மேல் வைத்தோம். கறுப்புத் தாளில் மஞ்சள் தூள் சிதறியது! எட்டாம் வகுப்புத் தங்கைகள் மறுபடியும் மறுபடியும் செய்யச் சொல்லி, பாத்தியிலிருந்த பூக்களை எல்லாம் தீர்த்துவிடுவார்களோ என்று நாங்கள் பயந்துவிட்டோம்.

ஆஸ்திரேலியாவிலும் இத்தேனீயின் நெருங்கிய உறவினங்கள் வாழ்கின்றன. மேல்நாடுகளில் கண்ணாடி வீடுகளுக்குள் வளர்க்கும் தக்காளிக்கு பம்பிள் தேனீ என்ற பருத்த தேனீயை விலைக்கு வாங்கி விடுகிறார்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்திற்கு அதைக் கொண்டுவர அனுமதி இல்லை. ஆகவே அங்குள்ள ஆராய்ச்சியாளர் தம் நாட்டு நீலப்பட்டைத் தேனீயைக் கவனிக்கத் தொடங்கினர். தக்காளிப் பூவில் பம்பிள் தேனீ நொடிக்கு ஏறத்தாழ 240 முறை அதிர்கிறது. நீலப்பட்டைத் தேனீயோ 350 முறை. அதுவும் தன் தலையால் மகரந்தப் பையை முட்டி முட்டி அதிரச் செய்கிறது என்று 2015-இல் அவர்கள் செய்தி வெளியிட்டனர். மிக வேகமாக நிகழ்வதால் தனிப்பட்ட கேமராவில் படம்பிடித்து மெதுவாக ஓட்டியபோதுதான் இது தெரியவந்ததாம். எங்கள் ஆய்வுக்கூடத்து இசைக்கவைகளில் 341 என்று ஒன்று இருக்கிறது. நீலப்பட்டைத் தேனீயின் சுருதி ஏறத்தாழ அதுதான். பாட்டு வகுப்பில் சேர்ந்திருக்கும் தோழியர் அதைத் தட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

இத்தேனீ அழிந்துகொண்டிருக்கும் அரிய உயிர் என்று சொல்லி யாரையும் நாங்கள் அச்சுறுத்தவில்லை. மதுரையில் இன்றும் இதைக் காணலாம். ஆயினும் அதற்கு வேண்டியவை இரண்டு: அருகருகே பூக்களும், மூடப்படாத மண்ணும். இந்த இரண்டாவதுதான் வேகமாகக் குறைந்து வருகிறது. முன்பு திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மண்சுவர் வீடுகளே மிகுதி. கூரை முன்னால் இறங்கியிருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சுவரின் மேற்பகுதி நனையாது. தேனீக்கு அதைவிட நல்ல இடம் ஏது? எங்கள் தோழி ஒருத்தியின் அப்பத்தாவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "எங்க வீட்டுச் செவுத்துல எப்பவும் இருக்கும் தாயி. அது பாட்டுக்குப் போகும் வரும், நம்மள ஒண்ணும் செய்யாது" என்றார்கள். இப்போது அவ்வீடு காங்கிரீட் வீடாகிவிட்டது. மண்வீட்டில் ஒழுகலோடும் கறையானோடும் வாழ்ந்தவர்களிடம் தேனீக்காக அங்கேயே இருங்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் வீட்டைச் சுற்றியுள்ள முற்றத்தையும், தெருவோரத்தையும், பள்ளி மைதானங்களின் ஓரங்களையும்கூட ஒரு சாண் இடம் விடாமல் சிமெண்ட் கற்களால் மூடுவது எதற்கு? மழைநீரும் உள்ளே இறங்குவதில்லை, தேனீயும் இறங்குவதில்லை.

மற்றோர் ஆபத்து பூச்சிமருந்து. கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழு பெருந்தொல்லை. அதனால் அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். பூக்கள் விரிந்து தேனீக்கள் வேலை செய்யும் காலை வேளையில் தெளித்தால் புழுவோடு தேனீயும் சாகிறது. தேனடை கட்டும் தேனீக்கூட்டத்தில் வேலைக்காரத் தேனீக்கள் சில இறந்தாலும் மற்றவை வேலையைத் தொடரும். தனித் தேனீ இறந்தால் அது தோண்டிய சுரங்கத்தின் கதை அத்தோடு முடிந்தது. நியோனிகோட்டினாய்டு என்னும் வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளைத் திறந்த வயல்களில் பயன்படுத்துவதை ஐரோப்பிய நாடுகள் 2018-இல் தடை செய்தன. நம் ஊரில் மருந்தே வேண்டாம் என்று விவசாயிகளிடம் கூற நாங்கள் யார்? ஆனால் பொழுது சாய்ந்தபின் தெளிக்கலாம். புழு துளைத்த நுனித்தண்டுகளைக் கிள்ளி அழிக்கலாம். தாய் அந்துப்பூச்சியைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். யானைமலை அடிவாரத்தில் ஒத்தக்கடைக்கு அருகே 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. தோட்டம் வைத்திருக்கும் பெற்றோர் அங்கே யோசனை கேட்கலாம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் அனுப்பும் தந்தை ஒருவர் எங்கள் வகுப்பில் படிக்கும் தம் மகள் சொன்னதைக் கேட்டு, இந்த ஆண்டு மாலையில்தான் மருந்து தெளித்தார்.

நம் மாவட்டத்தில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுவே. மலைகளுக்கும் கழுகுகளுக்கும் அத்தகைய பரப்பு வேண்டும். நீலப்பட்டைத் தேனீக்கோ ஒரு சுவரின் பாதி போதும்.

அப்படி ஒரு சுவர் எங்கள் பள்ளியிலேயே இருந்தது. விடுதிச் சமையற்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் பழைய கொட்டகையின் கிழக்குச் சுவர் அது. பென்சில் நுழையும் அளவில் முப்பதுக்கும் மேற்பட்ட துளைகள் அதில் இருந்தன. எல்லாத் துளைகளிலும் ஆள் இல்லை, சில பழையவை. அரையாண்டு விடுமுறையில் கொட்டகையைச் செப்பனிடுவதாக ஏற்பாடு. "செவுரு பூரா ஓட்டையா இருக்கு, சிமெண்ட் வச்சுப் பூசிட்டா சுத்தமாயிரும்" என்றார் கொத்தனார். அவர் சொன்னதிலும் தவறில்லை. சுவரின் அடிப்பகுதி மழையில் கரைந்து, ஓரிடத்தில் உள்ளே இருந்த விறகே வெளியே தெரிந்தது. நாங்கள் எட்டுப் பேர் ஒரு விண்ணப்பம் எழுதி, துளைகளின் படம் ஒன்றும் வரைந்து, தலைமையாசிரியை சகோதரி அவர்களிடம் கொடுத்தோம். அவர்கள் படித்துவிட்டு, "சுவர் விழுந்தால் உங்கள் தேனீயும் விழும், சமையற்காரம்மாவும் விழுவார். அதற்கு என்ன வழி?" என்று கேட்டார்கள். எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டோம்.

அந்த இரண்டு நாளும் காலையிலும் மாலையிலும் சுவரின் முன் நின்று எந்தத் துளைக்குள் தேனீ போகிறது என்று குறித்தோம். தேனீக்கள் போன துளைகள் அனைத்தும் மேலே, கூரையின் நிழல் விழும் பகுதியிலேயே இருந்தன. கீழே இரண்டு அடிக்குள் ஒன்றுகூட இல்லை. இதைக் கொத்தனாரிடம் காட்டியபோது அவரே யோசித்து, கீழே மூன்று அடி உயரத்துக்கு மட்டும் செங்கல் வைத்துக் கட்டி, மேலே உள்ள மண்ணை விட்டுவிடலாம் என்றார். சகோதரி அவர்கள் சம்மதித்தார்கள். சுவர் இப்போது பார்ப்பதற்குக் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் வேலை பாதியில் நின்றுவிட்டதா என்று கேட்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் வீட்டுத் தோட்டங்களில் மண்கட்டிகளில் துளையிட்டு வைத்து நீலப்பட்டைத் தேனீயை வரவழைக்கிறார்கள் என்று படித்து, நாங்களும் ஒரு மரப்பெட்டியில் செம்மண்ணும் மணலும் குழைத்து நிரப்பி, காயுமுன் விரலால் சில பள்ளங்கள் இட்டு, கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் கூரைக்கு அடியில் வைத்திருக்கிறோம். சிலந்தி ஒன்று குடிவந்திருக்கிறது. தேனீ இன்னும் வரவில்லை. ஆனால் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், பூசாமல் விட்ட மண்ணில் கூரையிலிருந்து ஒரு முழம் கீழே புதிதாக ஒரு துளையும், அதன் கீழே செங்கல் மேல் உதிர்ந்த பொடிமண்ணும் இருந்தன. பத்தரை மணி இடைவேளையில் கால் நிறைய மஞ்சள் மகரந்தத்தோடு நான்கு பட்டைக்காரி ஒருத்தி அதற்குள் நுழைந்தாள்.